கட்டடக்கலைக் கல்லூரிக்குள் கணினி: எங்கே வைப்பது, எதற்கு வைப்பது

நாலு வரி எழுதிக் கொடுத்தால் நொடிகளில் ஒரு கட்டடத்தின் படத்தைத் தரும் ஏஐ கருவிகள் 2022-இல் பரவத் தொடங்கின. அதிலிருந்து கட்டடக்கலைப் படிப்பைப் பற்றிய பழைய கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. இனியும் கையால் வரையக் கற்றுத்தர வேண்டுமா? முதல் ஆண்டிலேயே மென்பொருளைக் கொடுக்கலாமா? கொடுத்தால் எந்த வடிவமைப்பு மென்பொருள், ரெவிட்டா, ரைனோவா? வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் ஒன்றைக் கேட்கின்றன, ஆசிரியர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள், மாணவர்கள் யூடியூபில் மூன்றாவதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

குழப்பத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 'டிஜிட்டல் தொழில்நுட்பம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் தனித்தனி இயல்புள்ள பல வேலைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு, பாடத்திட்டத்தில் என்ன சேர்ப்பது என்று பேசும் அளவுக்கு, மதிப்பெண் எதற்குப் போகிறது என்று யாரும் பேசுவதில்லை. இரண்டாவதுதான் பெரிய சிக்கல். ஆனால் முதலாவதிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

## ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது

கட்டடக்கலைப் படிப்பின் மையம் டிசைன் ஸ்டூடியோ. கட்டுமானம், கட்டமைப்பு, வரலாறு, காலநிலை போன்ற பாடங்கள் அதைச் சுற்றி நிற்பவை. நூலகம், பள்ளி, குடியிருப்பு என்று ஏதாவது ஒரு பணி கொடுக்கப்படும். மாணவர் வாரக்கணக்கில் வரைவார். ஆசிரியர் மேசைக்கு வந்து பார்த்துக் குறை சொல்வார், மாணவர் மறுபடி வரைவார். கடைசியில் ஜூரி: ஷீட்டுகளை ஒட்டி, மாடலை வைத்து, வெளியிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் விளக்க வேண்டும். பாரிஸின் எக்கோல் தே பொஸார் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய முறையின் வழிவந்தது இது. இன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் நடக்கிறது.

இங்கே வரைவது என்பது முடிவான யோசனையைப் பதிவு செய்யும் வேலை இல்லை. கல்விச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1980-களில் ஸ்டூடியோக்களைக் கவனித்து இதை விளக்கினார். ஒரு கோடு போடுகிறோம். அது நாம் நினைத்திராத எதையோ காட்டுகிறது. அதைப் பார்த்து அடுத்த கோட்டை மாற்றுகிறோம். யோசிப்பதே வரைவதன் வழியாக நடக்கிறது. அதனால்தான் வரையும் கருவியை மாற்றினால் யோசிக்கும் விதமும் மாறுகிறது. "பென்சிலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதானே" என்று இதைக் கடந்துபோக முடியாது.

## கருவிகள் வந்த வழி

1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் தன் முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். அதைவிட முக்கியம், "இந்த இரண்டு கோடுகளும் எப்போதும் இணையாக இருக்க வேண்டும்" என்று கட்டளை வைக்கலாம். கோடுகளுக்கு இடையிலான உறவைக் கணினி நினைவில் வைத்திருக்கும்.

ஆனால் தொழில்துறையில் முதலில் பரவியது அந்த யோசனை இல்லை. 1982-இல் வந்த ஆட்டோகேட், வரைபலகையைத் திரைக்கு மாற்றியது. கோடு வெறும் கோடுதான். அது சுவரா, மேசை விளிம்பா என்று கணினிக்குத் தெரியாது. மலிவான மேசைக் கணினியில் ஓடியது, அலுவலகங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. கல்லூரிகளும் அதையே 'கணினிப் பாடம்' என்று ஏற்றுக்கொண்டன. ஸ்டூடியோ ஒரு கட்டடத்தில், கணினி லேப் வேறொரு மாடியில் என்ற அமைப்பு அப்போது உருவானதுதான். கருவிகள் எவ்வளவோ மாறிய பிறகும் பல இடங்களில் அந்த மாடிப்படி அப்படியே இருக்கிறது.

## ஒரே பெயரில் ஐந்து வேலைகள்

1. வரைதல். கை செய்ததைத் திரை செய்கிறது. திருத்துவதும் நகலெடுப்பதும் எளிது. சில வாரங்களில் கற்றுவிடலாம், அதிகம் விவாதிக்க இதில் எதுவும் இல்லை.

2. கட்டடத் தகவல் மாதிரி, அதாவது பிம் (BIM). இங்கே சுவர் என்பது தன் உயரம், அடுக்குகள், பொருள், எந்தத் தளத்தில் நிற்கிறது என்ற விவரங்களைச் சுமக்கும் பொருள். பிளானில் ஜன்னலை நகர்த்தினால் செக்‌ஷனிலும் எலிவேஷனிலும் ஜன்னல் பட்டியலிலும் தானாக நகரும். (பிளான் மேலிருந்து பார்க்கும் வரைபடம், செக்‌ஷன் கட்டடத்தை வெட்டிக் காட்டுவது, எலிவேஷன் வெளிப்புறத் தோற்றம்.) சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1970-களிலேயே இதன் அடிப்படையை உருவாக்கினார். ஆர்க்கிகேட் 1984-இலும் ரெவிட் 2000-இலும் வந்தன. பிரிட்டன் அரசு 2016 முதல் தன் மத்தியத் துறைகளின் கட்டுமானத் திட்டங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கியது. கல்லூரிகள் மீதான அழுத்தம் இப்படி வேலைச் சந்தையிலிருந்து வருகிறது. கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்த மாணவருக்கு பிம் ஒரு வரம். தெரியாத மாணவர், மென்பொருள் தயாராக வைத்திருக்கும் சுவரை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

3. விதி எழுதுதல், அதாவது பாராமெட்ரிக் டிசைன். வடிவத்தை நேராக வரையாமல், வடிவம் எதைச் சார்ந்து மாற வேண்டும் என்ற விதிகளை எழுதுவது. 2007-இல் வெளிவந்த கிராஸ்ஹாப்பர் என்ற மென்பொருள், நிரல் மொழி தெரியாதவர்களுக்கும் இதைத் திறந்துவிட்டது. யோசனை அதைவிடப் பழையது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் லூயிஜி மொரெட்டி 1960-இல் மிலானில் காட்சிக்கு வைத்த விளையாட்டரங்க மாதிரிகளில், பார்வையாளரின் பார்வைக்கோணம் முதலான அளவுகளே இருக்கை அடுக்கின் வடிவத்தைத் தீர்மானித்தன. அதற்கும் முன்னால் ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி, கயிறுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அவற்றில் கட்டி, வளைவுகளின் வடிவத்தைக் கண்டார். ஒரு கயிற்றின் நீளத்தை மாற்றினால் முழு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கணினி இல்லாத பாராமெட்ரிக் மாதிரி அது. முதல் ஆண்டு மாணவருக்கு இந்தக் கருத்தைப் புரியவைக்க ஒரு சங்கிலியும் இரண்டு ஆணிகளும் போதும்.

4. சோதித்தல். வெளிச்சம், வெப்பம், காற்று, ஒலி, ஆற்றல் எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்ப்பது. வெளிச்சத்துக்கு ரேடியன்ஸ், ஆற்றலுக்கு எனர்ஜிபிளஸ் இரண்டும் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து வேலைகளில் கல்லூரிகள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது இதைத்தான். மிக அதிகமாகப் பயன்படுத்த வேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து.

5. செய்தல். லேசர் கட்டர், சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டும் எந்திரம்), 3டி பிரிண்டர், ரோபோ கை. சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் கிராமாசியோ, கோலர் இருவரும் 2000-களின் நடுவில் ஒரு ரோபோவைச் செங்கல் அடுக்க வைத்தார்கள். ஒவ்வொரு கல்லும் சற்றே வேறு கோணத்தில் திரும்பி நிற்கும் சுவர்களை அது கட்டியது. எல்லாக் கல்லூரிக்கும் ரோபோ தேவையில்லை. திரையில் வரைந்த ஒரு மூட்டு நிஜத்தில் சேராமல் போகும் அனுபவம் மட்டும் எல்லா மாணவருக்கும் ஒரு தடவையாவது தேவை.

முதல் வேலைக்குப் பயிற்சி போதும். இரண்டாவதுக்குக் கட்டுமான அறிவு வேண்டும், மூன்றாவதுக்குக் கணிதச் சிந்தனை, நான்காவதுக்கு இயற்பியல், ஐந்தாவதுக்குக் கைப்பழக்கம். இவை எல்லாவற்றையும் ஒரே 'கணினிப் பயன்பாடு' பாடத்தில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பருவத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

## லேப் தனி, ஸ்டூடியோ தனி என்றால்

தனிப் பாடமாக வைத்தால் மாணவர் கட்டளைகளைக் கற்கிறார், ஏதோ ஒரு வீட்டை நகலெடுத்துச் சமர்ப்பிக்கிறார், மதிப்பெண் வாங்குகிறார். அப்புறம் ஸ்டூடியோவில் அந்தக் கருவியை எப்போது எடுக்கிறார்? ஜூரிக்கு நாலு நாள் முன்னால், ரெண்டர் செய்ய, அதாவது புகைப்படம் போன்ற படம் எடுக்க. வடிவமைப்பு அதற்குள் முடிந்திருக்கும். கருவியால் முடிவைப் பாதிக்க முடியாத நேரத்தில்தான் அது உள்ளே வருகிறது.

சரி, முதல் நாளிலிருந்தே கணினியில் செய்யட்டும் என்றால் வேறு சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கணினி மிக விரைவிலேயே துல்லியத்தைக் கேட்கிறது. அந்த இடத்தில் சுவர் வேண்டுமா என்றே மாணவர் முடிவு செய்திருக்க மாட்டார். மென்பொருளோ தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும். ட்ரேசிங் பேப்பரில் தடித்த பென்சிலால் போட்ட கோடு, சுவராகவும் இருக்கலாம், மரவரிசையாகவும் இருக்கலாம். அந்தத் தெளிவின்மை ஆரம்ப நிலையில் மிகவும் தேவையானது.

இரண்டாவது, அளவுவிகிதம் காணாமல் போகிறது. 1:200 தாளில் கதவுக் கைப்பிடியை வரைய முடியாது. ஆகவே எது முக்கியம் என்று தாளே கேட்டுவிடும். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். கழிப்பறை ஓடு வரைக்கும் உள்ளே போய்விட்டு, கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை மறந்த மாணவர்கள் எல்லா ஸ்டூடியோவிலும் உண்டு. (ஆசிரியர்களும் மடிக்கணினித் திரையில் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது அதே பொறியில் விழுவார்கள்.)

மூன்றாவது, படத்தின் மயக்கம். மாலை வெயில், ஈரத் தரையில் பிரதிபலிப்பு, பலூன் பிடித்த குழந்தை. இத்தனையும் இருக்கும் ரெண்டருக்கு முன்னால் ஜூரி தடுமாறுகிறது. மோசமான பிளானைக் கேள்வி கேட்க ஒதுக்கிய நேரம் படத்தைப் பார்ப்பதில் போய்விடுகிறது.

முழுக்கக் கணினிக்கு மாறிப் பார்த்த முயற்சியும் உண்டு. பெர்னார்ட் சூமி தலைமை வகித்த கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் 1994-இல் 'காகிதமற்ற ஸ்டூடியோ' தொடங்கியது. கிரெக் லின் போன்றவர்கள் அனிமேஷன் மென்பொருளைக் கொண்டு அதுவரை வரையவே முடியாத வடிவங்களை ஆராய்ந்தார்கள். கட்டடக்கலையின் பேச்சையே அது மாற்றியது. அதோடு, வடிவம் முன்னே ஓடிக் கட்டுமானம் பின்தங்கிவிட்டது என்ற விமர்சனமும் கூடவே வந்தது. அதே பத்தாண்டில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி எதிர்த் திசையில் போனார். காகிதத்தாலும் மரத்தாலும் கையால் மாடல் செய்வது, அதன் புள்ளிகளை அளந்து விமானத் துறையின் கேட்டியா மென்பொருளுக்குள் ஏற்றுவது, அங்கிருந்து கட்டுமான அளவுகளை எடுப்பது. 1997-இல் ஸ்பெயினில் திறந்த பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் அப்படி வந்தது. கணினியை வைத்திருந்ததில் இரண்டு தரப்பும் ஒன்றுதான். எந்தக் கேள்விக்காக வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

## கணினி சொன்னால் சரியா?

சோதித்தல் அதிகம் வேண்டும் என்றேன். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகர அரங்கின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச்சுமையில் இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே சுமார் 5,000 பேர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூரைச் சட்டகம் கணினிப் பகுப்பாய்வை நம்பி வடிவமைக்கப்பட்டது. கட்டும்போதே அது, கணக்கு சொன்னதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொய்ந்தது. சுட்டிக்காட்டியும் அது பொருட்படுத்தப்படவில்லை. கணினி மாதிரியில் பக்கவாட்டுத் தாங்கல் இருப்பதாகக் கருதப்பட்ட கம்பிகளுக்கு நிஜத்தில் போதுமான தாங்கல் இல்லை. கணக்கில் பிழை இல்லை. கணக்குக்குக் கொடுத்த அனுமானத்தில்தான் பிழை.

இன்னொரு வகைத் தவறு, கேட்காமலே விட்ட கேள்வி. கெரியின் வால்ட் டிஸ்னி இசையரங்கம் லாஸ் ஏஞ்சல்ஸில் 2003-இல் திறந்தது. அதன் குழிந்த, பளபளப்பான எஃகுத் தகடுகள் சூரிய ஒளியைக் குவித்து அக்கம்பக்கத்து வீடுகளையும் நடைபாதையையும் சூடாக்கின. எந்தத் தகடுகள் என்று ஆராய்ந்து, 2005-இல் அவற்றைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். அந்த வளைவைச் சாத்தியமாக்கியதும் கணினிதான். அந்த வளைவு வெயிலை எங்கே அனுப்பும் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடியதும் கணினிதான்.

## ஸ்டூடியோவுக்குள் எப்படிக் கொண்டுவருவது

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பணி: ஒரு வாசிப்பு அறை. வெயில் நேரே படும் சுவரில் ஜன்னல், அதற்கு மேல் 1 மீட்டர் நீட்டிய சன்ஷேடு.

1. மாணவர் முதலில் கையால் கணக்கிட வேண்டும். சூரியன் சுவருக்கு நேர் எதிரே 60 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் சுமார் 1.73 மீட்டர் கீழே இறங்கும். 30 பாகைக்கு வந்தால் 0.58 மீட்டர்தான். பள்ளியில் படித்த டேன்ஜென்ட் போதும்.

2. இதிலிருந்தே ஒரு முடிவு கிடைக்கிறது: மாலையில் சாயும் மேற்கு வெயிலைக் கிடைமட்டச் சன்ஷேடு தடுக்காது, செங்குத்துத் தடுப்போ, ஜன்னலை வேறு பக்கம் மாற்றுவதோதான் வழி.

3. மென்பொருளைத் திறப்பதற்கு முன், மேசையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று தன் ஊகத்தை எழுதி வைக்க வேண்டும்.

4. பிறகு ரேடியன்ஸ் வழியாக ஆண்டு முழுவதுக்கும் கணக்கிடலாம். ஊகமும் முடிவும் எங்கே விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று பார்க்கலாம். உள்சுவரின் நிறத்தைச் சேர்க்க மறந்திருக்கலாம், எதிர்க் கட்டடத்தின் நிழலை விட்டிருக்கலாம்.

5. இப்போது தடுப்புகளின் ஆழம், இடைவெளி, கோணம் மூன்றையும் விதிகளாக எழுதி, கிராஸ்ஹாப்பரில் ஐம்பது மாற்றங்களை ஓட்டலாம். ஐம்பதில் எதை எடுப்பது என்பதை எண்கள் மட்டும் சொல்லாது. வெளிச்சம் சிறப்பாக வரும் வடிவம் வெளியே இருக்கும் மரத்தை மறைத்துவிடலாம்.

6. தேர்ந்தெடுத்த தடுப்பின் ஒரு மூட்டை முழு அளவில் செய்து பார்க்க வேண்டும்.

வரைதலிலிருந்து செய்தல் வரை பெரும்பாலான வேலைகள் இதில் வந்துவிட்டன. 'கணினி வகுப்பு' என்று எதுவும் நடக்கவில்லை. கட்டளைகளை எங்கே கற்பது? தேவைப்படும் வாரத்தில், அதே அறையில். அதற்குக் கட்டடம் தெரிந்த மூத்த ஆசிரியரும் கருவி தெரிந்த இளைய ஆசிரியரும் ஒரே ஸ்டூடியோவில் சேர்ந்து நிற்க வேண்டும். கருவிகளை வாங்குவதைவிட இதற்கு நேர அட்டவணை போடுவதுதான் நிர்வாகங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

## ஜூரி எதைப் பார்க்கிறதோ, அதைத்தான் மாணவர் செய்வார்

மேலே சொன்னதெல்லாம் நடந்தாலும், கடைசி நாளில் ஆறு ஷீட்டும் ஒரு ரெண்டரும் மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், அடுத்த பருவத்தில் மாணவர்கள் ரெண்டருக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூரிக்கு வர வேண்டியவை வேறு: கைவிட்ட வடிவங்களும் கைவிட்ட காரணமும், எழுதி வைத்த ஊகமும் அதற்கு எதிரே வந்த முடிவும், மாதிரிக்குள் வைத்த அனுமானங்களின் பட்டியல். ஒரு ரெண்டருக்கு அனுமதி கொடுக்கலாம். அதை ஒரு செக்‌ஷன் பக்கத்தில் வைத்துத்தான் காட்ட வேண்டும் என்று விதி போடலாம். இதில் செலவே இல்லை. ஆனால் ஜூரிக்கு வருபவர்கள் முன்கூட்டியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும்.

ஏஐ படங்கள் பற்றிய பதற்றமும் இந்த இடத்தில் பெருமளவு தணிகிறது. அந்தக் கருவிகள் தருவது கட்டடத்தின் தோற்றத்தை, கட்டடத்தை இல்லை. படத்தில் தெரியும் மாடிப்படி எந்தத் தளத்துக்குப் போகிறது, மிதக்கும் அந்தப் பலகையை எது தாங்குகிறது என்று படத்துக்குத் தெரியாது. செக்‌ஷன் கேட்டால் யார் யோசித்தார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் வெளிப்படும். தொடக்கத்தில் பத்து விதமான தோற்றச் சூழல்களைப் பார்க்க ஏஐ உதவலாம், அதைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கே பயன்படுத்தினேன் என்று ஷீட்டில் எழுதச் சொன்னால் போதும். ஒரே ஒரு கவலை உண்டு: ஏற்கெனவே அதிகம் படமெடுக்கப்பட்ட பாணிகளின் சாயலைத்தான் அவை திரும்பத் திரும்பத் தரும். நிஜக் கட்டடங்களுக்குள் நடந்து பார்க்காத மாணவருக்கு அந்தச் சாயலை அடையாளம் காணக் கண் இருக்காது.

## உரிமம், கோப்பு, வேலை

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் மாணவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உரிமம் தருகின்றன. பழகியவர் அலுவலகத்துக்குப் போனதும் அதையே கேட்பார், அலுவலகம் முழு விலை கொடுக்கும். வணிகமாகப் பார்த்தால் நியாயம்தான். கல்லூரி அதைத் தன் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. ஒரு மென்பொருளின் பெயரில் பாடம் வைக்காமல், 'கட்டடத் தகவல்' என்று பாடம் வைத்து, கோப்புகளை ஐஎஃப்சி என்ற பொது வடிவத்திலும் கேட்கலாம். அது ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரம். நிறுவனம் எதுவானாலும் திறக்கும் வகையில் உருவாக்கப்பட்டது. பிளெண்டர், ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும் இன்று ஐஎஃப்சி மாதிரிகளைக் கையாள முடிகிறது.

"கருத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும், மென்பொருளை அவர்களே கற்றுக்கொள்வார்கள்" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அதில் பாதி உண்மை. மறுபாதி, நல்ல மடிக்கணினியும் தனிப் பயிற்சிக்குப் பணமும் இருப்பவர்கள் மட்டும் கற்றுக்கொள்வார்கள் என்பது. அதனால் குறைந்தபட்சம் ஒரு பிம் கருவியில் வேலை செய்யும் அளவுக்குக் கல்லூரிக்குள்ளேயே பழக்கிவிட வேண்டும்.

## எதைக் குறைப்பது

புதிதாகச் சேர்க்க நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைப் பாடத்திட்டக் கூட்டங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன. கையால் வரைவதில் எல்லாம் ஒரே மதிப்புள்ளவை இல்லை. நேரில் பார்த்து ஸ்கெட்ச் போடுவது, கையால் செக்‌ஷன் வரைந்து யோசிப்பது இரண்டும் இருக்க வேண்டும்; முடிந்தால் கூட வேண்டும். மறைபுள்ளிகள் வைத்து, கோடு கோடாக இழுத்து, ஒரு பெர்ஸ்பெக்டிவை (கண்ணுக்குத் தெரிவதுபோல் ஆழம் காட்டும் படம்) மையில் முடிக்கும் பயிற்சியைப் பெருமளவு குறைத்துவிடலாம். எப்படி வருகிறது என்று புரிய ஒன்றிரண்டு போதும். எட்டு ஷீட் தேவையில்லை.

நிழல் வரையும் பாடமான சியோகிராஃபியை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. பெரும்பாலும் 45 பாகை கற்பனைச் சூரியனை வைத்து, கூம்புக்கும் உருளைக்கும் நிழல் போடும் பயிற்சியாக அது நடக்கிறது. மாணவர்கள் வெறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. கற்பனைச் சூரியனை எடுத்துவிட்டு, மாணவர் கட்டப்போகும் இடத்தின் நிஜமான சூரியப் பாதையை அங்கே வைத்தால், மேலே பார்த்த சன்ஷேடு கணக்கின் முதல் படி அந்தப் பாடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்கென்று புதிய பாடமோ கூடுதல் மணிநேரமோ வேண்டியதில்லை.